அந்நிய நார்

டர்பனிலிருந்து மேட்டில் ஏறினால் வருகிற
இந்தத் தொழிற்பேட்டைக்கு நியூ ஜெர்மனி என்று பெயர்.
எங்கள் குழாய்க்குள் போவது ஜெர்மேனியம்.
வேலைக்குச் சேர்ந்த வாரம் இதற்குச் சிரித்தேன்.
இப்போது சிரிப்பு வருவதில்லை.

குழாய் தூய சிலிக்கா, என் உயரம்.
ஒரு முனையில் வாயுக்கள் நுழையும்,
மறுமுனையில் பம்பு உறிஞ்சும்.
நடுவே நுண்ணலைப் பெட்டி
தறியில் நாடா ஓடுவது போல்
போகும், வரும், போகும்.
அது நிற்கும் இடத்தில் மட்டும்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு விடியல்.
புகை இல்லை, கரி இல்லை.
காற்றாய் வந்தது
சுவரைத் தொட்டதும் கண்ணாடி.

ஒரு நடைக்கு ஒரு படலம்.
மூவாயிரம் நடைக்கு ஒரு தண்டு.
ஓர் இரவுப் பணி முழுவதும்
இந்த ஊதா நடந்துகொண்டே இருக்கும்,
நான் உட்கார்ந்தே இருப்பேன்.

தீயை நாங்கள் அஞ்சுவதில்லை.
ஈரத்தைத்தான்.
நூறு கோடியில் ஒரு பங்கு போதும்,
ஆயிரத்து முந்நூற்று எண்பத்து மூன்று நானோமீட்டரில்
ஒளியைக் குடித்துவிடும்.
வெளியே பிப்ரவரி.
சுவரில் மாட்டிய நாள்காட்டியின் தாள்கூட
வியர்த்துச் சுருண்டிருக்கும் டர்பன் பிப்ரவரி.

அடுத்தடுத்து மூன்று தண்டுகள் கெட்டன.
அளவு அறையின் வரைபடத்தில்
அதே இடத்தில் அதே மேடு,
ஒட்டகம் போல.
வாயு விற்றவன்மேல் பழி என்றார் வான் ரென்ஸ்பர்க்.
மழைமேல் என்றார் இன்னொருவர்.

கசிவு தேட வந்தவள் நோம்வூலா.
அந்தப் பெயருக்கே
மழையோடு வந்தவள் என்று பொருளாம்.
பம்பு உறிஞ்சிக்கொண்டிருக்க
ஒவ்வொரு மூட்டிலும் ஹீலியம் தூவினாள்,
செடிக்கு மருந்தடிப்பவள் மாதிரி, அவசரமில்லாமல்.
நான்காவது மூட்டில் கருவி கத்தியது.

கழற்றினோம்.
ரப்பர் வளையத்துக்குக் குறுக்கே
ஒரு மயிர்.
நீளம். கறுப்பு.
தேங்காய் எண்ணெயின் பளபளப்பு
இன்னும் போகவில்லை.

இந்தக் கூடத்தில் எட்டுப் பேர்.
ஐந்து பேர் தலை மொட்டை.
நோம்வூலாவுக்குச் சின்னச் சின்னப் பின்னல்கள்.
வான் ரென்ஸ்பர்க் தலையில் இருப்பது மஞ்சள் தூசி.
திங்கட்கிழமை அந்த வளையத்தை மாட்டியது
மோகாம்பாள் நாயக்கர்.
என் சட்டையில் தைத்திருக்கும் பெயர் அது.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
இடுக்கியால் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள்.
அறுபத்தெட்டு மைக்ரான்.
எங்கள் கண்ணாடி நூற்று இருபத்தைந்து.
மயிரிழை போன்ற நூல் என்று
வாசல் பலகையில் எழுதியவர்
அளந்து பார்க்கவில்லை போலும்.

அறிக்கையில் எழுதினாள்:
அந்நிய நார், ஒன்று. அகற்றப்பட்டது.
யாருடையது என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தாள்.

ஒளி என்றால் வெளிச்சம்.
அதே சொல்லை ஏவிப் பாருங்கள்: ஒளி,
மறைந்துகொள்.
எங்கள் நூலுக்குள் இரண்டும் ஒன்றுதான்.
வெளிச்சம் ஓரத்தில் முட்டி முட்டித் திரும்பி
வெளியே ஒரு பொட்டும் தெரியாமல்
உம்தாதா மருத்துவமனை வரை ஓடிவிடும்.

எனக்கு அப்படி ஓட வரவில்லை.
தேநீர் வேளையில் வான் ரென்ஸ்பர்கிடம் போய்
என் மயிர்தான் என்றேன்.
அவர் என் தொப்பியைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்,
மூன்று தண்டுகளின் விலையைச் சொன்னார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
நோம்வூலாதான் கோபித்தாள்.
நான் இழுத்த கோட்டை நீ ஏன் அழித்தாய்?

இன்று புதுக் குழாய்.
கூந்தலை இரண்டு வலைக்குள் திணித்திருக்கிறேன்,
நெற்றி வலிக்கிறது.
தகரக் கூரையில் மழை.
நோம்வூலா இன்னும் பேசவில்லை.
ஊதா போகிறது, வருகிறது.
நானூற்றுப் பன்னிரண்டாம் நடை.